விடு என்று சொல்லும்வரை

வேலை கிடைக்க வேண்டுமென்றால் யார் காலையாவது பிடிக்க வேண்டும் என்பார்கள். டிகிரி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண்ணுக்குக் காலைப் பிடிப்பதுதான் வேலை.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. வாசலில் பலகை கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கால் பட்டறை என்றுதான் சொல்வார்கள். சொன்ன பேச்சு கேட்காத கால்களோடு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே கூடு செய்து கொடுப்பார்கள். கூடு என்றால், கெண்டைக்காலைப் பின்னாலிருந்து அணைத்து, குதிகாலைச் சுற்றி, பாதத்துக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்கிற பிளாஸ்டிக் உறை. அதை மாட்டி, அதற்கு மேல் ஷூ போட வேண்டும். அப்போதுதான் பாதம் தொங்காமல் நிற்கும்.

கூடு செய்ய முதலில் அச்சு எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர். சுத்துகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் ஒருவர். சுத்துகிறவருக்குப் பெயர் சுண்ணாம்பு. முழங்கை வரை எந்நேரமும் வெள்ளையாக இருப்பதால் வந்த பெயர். அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளையின் காலில் மெல்லிய காலுறையை மாட்டி, மைப் பென்சிலால் எலும்பு துருத்தும் இடங்களைக் குறித்து, பெயரையும் எழுதி, நனைத்த மாவுக்கட்டை அவர் சுற்றிக்கொண்டே போவார். பிடிக்கிறவள் இடது கையில் குதிகாலை ஏந்தி, வலது உள்ளங்கையால் பாதத்தை மேல்நோக்கி அழுத்தி நிற்க வேண்டும். காலுக்கும் பாதத்துக்கும் நடுவே தொண்ணூறு டிகிரி. மாவு இறுகும்வரை நான்கு நிமிடம். மூக்கு அரித்தாலும், கூரையே இடிந்து விழுந்தாலும், அசையக் கூடாது. நடுவில் சுண்ணாம்பு கை கழுவிக்கொண்டே கேட்பார்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

கடைசியில் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டொக்' என்று சத்தம் வந்தால் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்வார்.

"விடு."

அதற்குமுன் விடக் கூடாது. பட்டறையில் சுவரில் எழுதி வைக்காத ஒரே சட்டம் அதுதான். அதனால்தான் அதை எல்லோரும் மதித்தார்கள்.

மாவு உறையை வெட்டி எடுத்து, அதற்குள் சாந்து ஊற்றி, காய்ந்ததும் உடைத்தால் உள்ளே ஒரு வெள்ளைக் கால் இருக்கும். காலுறையில் எழுதிய மை உறைக்கு ஏறி, உறையிலிருந்து அந்த வெள்ளைக் காலுக்கும் ஏறியிருக்கும். பெயர், எலும்புக் குறி, எல்லாம் ஊதா நிறத்தில். அந்தக் காலின்மேல்தான் சூடான பிளாஸ்டிக்கைப் படிய வைப்பார்கள். வேலை முடிந்த பின்னும் அதை அலமாரியில் வைத்திருப்பார்கள். பிள்ளை வளர்ந்து அடுத்த அளவுக்கு வந்ததும் பழைய காலைச் சுத்தியலால் உடைத்துப் பின்பக்கம் கொட்டுவார்கள். வராத பிள்ளைகளுக்காக இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு உடைப்பார்கள். கணக்கு அவ்வளவுதான், அழுகை இல்லை.

ஆனால் கீழ்த்தட்டில், மாவு மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற ஒரு காலுக்கு மூன்று வருஷமாகிவிட்டது. அதில் ஊதா எழுத்தில் 'டிரிங்' என்று இருந்தது.

*

டிரிங்குக்கு அப்போது எட்டு வயது. வாயாலேயே சைக்கிள் பெல் அடிப்பான். பட்டறைக்குள் வரும்போது டிரிங் டிரிங், மேசையில் ஏறிப் படுக்கும்போது டிரிங் டிரிங். கூடு வந்ததும் சைக்கிள் என்று அவன் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று சுண்ணாம்புக்குப் பதில் டிகிரி காலுறையில் பெயர் எழுதப் போனபோது, "அந்தப் பேரு வேணாம்க்கா. டிரிங்னு எழுதுங்க" என்றான். எழுதினாள்.

அன்றைக்கு அவளுக்கு டிகிரி என்ற பெயர் இல்லை. தபால் வழியில் பட்டப்படிப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த வெறும் பிடிக்கிற பெண். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஆளே கிடையாது. அப்பா, தாத்தா, அவருக்கும் மேலே யார் இருந்தார்களோ அவர்கள் எல்லோரும் முதுகை விற்றுப் பிழைத்தவர்கள்.

மூன்றாவது நிமிடத்தில் ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. சுண்ணாம்பு திரும்பி நின்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வலது கையை எடுத்தாள். எடுத்து, போனைப் பார்த்தாள். அக்கா அனுப்பியிருந்தாள்: பாஸ்.

அரை நிமிடம் இருக்கும். அதற்குமேல் இருக்காது.

கூரையைப் பார்த்துப் படுத்திருந்த டிரிங், குளிர்ந்த காற்று பாதத்தில் பட்டதாலோ என்னவோ, கேட்டான்.

"அக்கா, பிடிச்சிருக்கீங்களா?"

போன் கையில் இருக்க, அவள் சொன்னாள். "பிடிச்சிருக்கேன்டா."

கையைத் திரும்ப வைத்தபோது மாவு சூடேறி இறுகத் தொடங்கியிருந்தது. அழுத்தினாள். பாதம் வளைந்து கொடுக்கவில்லை. சுண்ணாம்பு வந்து தட்டி, "விடு" என்றார். ஏற்கெனவே விட்டதை அவள் மறுபடி விட்டாள். அப்புறம் ரிசல்ட்டைச் சொன்னாள். பட்டறையே கை தட்டியது. டிரிங்கும் மேசையில் உட்கார்ந்தபடி பெல் அடித்தான். "இனிமே உன்னைப் பேரு சொல்லி யார் கூப்பிடுவா? நீ டிகிரி!" என்றார் சுண்ணாம்பு. பெயர் அந்த நிமிடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வெள்ளைக் கால் வெளியே வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கோணமானியை வைத்துப் பார்த்தாள். பாதம் ஏழு டிகிரி கீழே சாய்ந்திருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அச்சை மறுபடி எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். பட்டம் வாங்கின மறுநாளே 'காலைக் கூடப் பிடிக்கத் தெரியாத பட்டதாரி' என்று சிரிப்பார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். ஏழைக்கு வருகிற கௌரவம் புதுச் செருப்பு மாதிரி. அதைக் காப்பாற்றுகிறேன் என்று வழியெல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்போம்.

நான்கு மாதம் கழித்து டிரிங்கின் அம்மா ஒரு துணிப்பையோடு வந்தாள். பைக்குள் அந்தக் கூடு இருந்தது.

"இறக்கத்துல போறப்ப கால் பெடல்லேருந்து வழுக்கிடுச்சாம். எதிர்ல லாரி," என்றாள். செய்தித்தாள் படிப்பதுபோல் சொன்னாள். "யாருக்காவது ஆகுமா பாருங்க. நல்லா செஞ்சு குடுத்திருந்தீங்க."

"ஷூ?" என்றார் சுண்ணாம்பு, என்ன பேசுவதென்று தெரியாமல்.

"அந்தக் கால் ஷூ கிடைக்கல. தேடினோம்."

அவள் போன பிறகு வராந்தாவில் காத்திருந்தவர்கள் பேசினார்கள். கால் இப்படி இருக்கிற பிள்ளைக்கு எவளாவது சைக்கிள் வாங்கித் தருவாளா, அம்மாவா அவள், எமன். டிகிரி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பேசிக்கொண்டிருந்த ஒவ்வொரு வாயும் உண்மையில் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது என்று தெரிந்தும் நின்றாள்.

கூடு ஒரு காலுக்குத்தான் ஆகும், இன்னொரு காலுக்கு ஆகாது. அதை வெள்ளைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். உடைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.

அன்றிலிருந்து தெருவில் சைக்கிள் பெல் சத்தம் கேட்டால் ஒதுங்கித் திரும்பிப் பார்ப்பாள். சில சமயம் சைக்கிள் இருக்கும். சில சமயம் தெருவே காலியாக இருக்கும். பட்டறையில் எந்தப் பிள்ளையின் காலைப் பிடித்தாலும் மூன்றாவது நிமிடத்தில் யாரோ கேள்வி கேட்க மூச்சை இழுப்பது கேட்கும். மேசையில் இருக்கும் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். "டிகிரி" என்று யார் கூப்பிட்டாலும், கூப்பிடுவது பட்டத்தையா அந்த ஏழு டிகிரியையா என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் திரும்புவாள்.

*

இப்போது அக்கா மகள் சைக்கிள் கேட்டாள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் பெயர் நண்டு. குறைமாதத்தில் பிறந்தவள். மூளை சொல்வதை உடம்பின் இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் வாங்கும். இடது கை பாதி மூடியே இருக்கும், இடது குதிகால் தரையைத் தொடாது. குழந்தையில் பக்கவாட்டில் தவழ்ந்ததால் நண்டு. அவள் அப்பா போன இடம் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் சிரமப்படவில்லை. அவள் அம்மா ஒரு துணி கம்பெனியில் சட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலை பார்த்தாள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே.

தெருவில் நண்டைப் பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். அவள் நின்று நிதானமாக, "நீங்கதான் பாவம். உங்களுக்கு முடியே இல்ல" என்பாள்.

அவளுக்கும் கூடு உண்டு. அச்சு எடுத்த நாளில் டிகிரிதான் பிடித்தாள். சுண்ணாம்பு "விடு" என்றார். அவள் விடவில்லை. "விடும்மா!" என்றார். விடவில்லை. "காலைப் பிடிக்கச் சொன்னா கல்யாணத்துக்குக் கையைப் பிடிச்ச மாதிரி நிக்கிறியே!" என்று விரல் விரலாகப் பிரித்துவிட்டார். நண்டு மேசையில் உருண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த மாசம் ஆபரேஷன் என்றார். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை நீட்ட வேண்டும். அப்புறம் ஆறு வாரம் கட்டு, அதற்கப்புறம் மாசக்கணக்கில் பயிற்சி.

"அப்புறம் சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டாள் நண்டு.

"பாப்போம்மா."

வெளியே வந்ததும் நண்டு அம்மாவிடம் சொன்னாள். "பெரியவங்க பாப்போம்னு சொன்னா இல்லேன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே ஓட்டிடறேன்."

இருபத்தாறு நாள் இருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்ன சைக்கிள் வந்தது. பெல் இல்லை. இருந்த இடத்தில் துருப்பிடித்த வளையம் மட்டும்.

"நீதான் கத்துக் குடுக்கணும்," என்றாள் அக்கா, பாதங்களை வெந்நீரில் வைத்தபடி. "எனக்கு ஓட தெம்பில்ல."

"எதுக்குக்கா சைக்கிள்? விழுந்தா?"

"விழுந்தா எழுந்திருப்பா. உனக்கென்ன, ஊர்க்காரங்க மாதிரி பேசுற?"

டிகிரிக்குச் சுருக்கென்றது. ஊர்க்காரர்கள் மாதிரிப் பேசக்கூடாது என்பதற்காகவே படித்தவள் அவள்.

*

தெருக் கோடியில் ஒரு பழைய பஸ் டிப்போ மூடிக் கிடந்தது. சிமென்ட் தரை. நடுவில் பஸ் கழுவும் கொட்டகை. அதைச் சுற்றி வந்தால் ஒரு ரவுண்டு. கொட்டகையின் பின்பக்கம் போனால் பத்து எண்ணும்வரை ஆள் கண்ணுக்குத் தெரியாது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, உடைந்த பஸ் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

இடது பெடலில் டிகிரி ஒரு தகடு அடித்தாள். விளிம்பு தூக்கிய தகடு. பாதம் வழுக்காது, ஆனால் விழுந்தால் தானே கழன்றுகொள்ளும். மூன்று நாள் அதையே இழைத்தாள். பிரேக் வலது கையில். ஐந்தாம் நாள் பக்கச் சக்கரங்களைக் கழற்றினார்கள். அதிலிருந்துதான் வினை.

டிகிரி சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். நண்டு ஒவ்வொரு பத்தடிக்கும் கேட்பாள்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

உண்மையாகவே பிடித்திருந்தாள். அதுதான் சிக்கல். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் இவள் நிமிர்த்தினாள். வலப்பக்கம் சாய்ந்தால் இவள் நிமிர்த்தினாள். நண்டுக்குச் சாய்வதே தெரியவில்லை. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. டிகிரியின் செருப்பு பிய்ந்தது. நண்டுக்கு முன்னால் அவளுக்கே சைக்கிள் ஓட்ட வந்துவிடும்போல் இருந்தது.

"ரெண்டு பேர்ல யாரும்மா சைக்கிள் கத்துக்கறது?" என்றார் வாட்ச்மேன்.

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

"இதுதாம்மா என் வேலை, பாக்கறது. கையை விட்டாத்தானே பேலன்ஸ் வரும்? பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே விட்டுடணும். எங்க அண்ணன் எனக்கு அப்படித்தான் கத்துக் குடுத்தான். எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்."

"பொய் சொல்லிட்டு விடணுமா?"

"அது பொய்யா? எல்லாரும் சொல்றதுதானேம்மா."

டிகிரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பீடியை எடுத்து வாயில் வைத்து, பற்றவைக்க மறந்துபோனார்.

அன்று திரும்பும்போது பின்னால் பெல் கேட்டது. டிகிரி நண்டை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். தெருவில் ஒன்றுமில்லை.

"யாருக்கு வழி விடுறோம் சித்தி?" என்றாள் நண்டு.

"யாருக்கும் இல்ல. நட."

நண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய், காலியான தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

*

ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போது நண்டின் கூட்டில் வார் அறுந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்கு வந்தாள். டிகிரி வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அலமாரியெல்லாம் மேய்ந்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் வினைதான். டிகிரி திரும்பிப் பார்த்தாள்.

நண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மாவு மூட்டை தள்ளப்பட்டிருந்தது. தன் இடது காலுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக் காலை நிறுத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒரே சைஸ்! டி... ரி... ங். டிரிங். யாரு இது?"

டிகிரியின் கையில் ஊசி ஏறியது.

"கீழே வை."

"யாருன்னு கேட்டேன்."

"ஒரு பையன். இப்போ இல்ல."

"செத்துட்டானா?"

பிள்ளைகளிடம் சாவைச் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை டிகிரிக்குப் பிடிக்காது. "ஆமா. சைக்கிள்லேருந்து விழுந்து."

நண்டு வெள்ளைப் பாதத்தைத் தடவினாள். மேலிருந்து கீழாக, விரல்கள் வரை. "இவன் கால் ஏன் கீழே பாக்குது? என்னுது நேரா இருக்கே."

மூன்று வருஷமாக எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. டிகிரி சொல்லிவிட்டாள். தரையில் உட்கார்ந்து, ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். போன், அரை நிமிடம், அவன் கேட்டது, இவள் சொன்னது. சொல்லி நிமிர்ந்தபோது கதவருகே சுண்ணாம்பு நின்றிருந்தார். கையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாய்ஞ்சிருந்தது எனக்குத் தெரியும்," என்றார். "எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரியுமா?"

"ஷூவுக்குள்ள குதிகாலுக்கு அடியில ஒரு கட்டை வெச்சா சரியாப் போயிடும். எத்தனை பேருக்கு வெச்சிருக்கேன். அவனுக்கும் வெச்சேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, வெச்சீங்களா?"

சுண்ணாம்பு கையைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அந்த வாரம் பூரா உன் ரிசல்ட்டுக்காக எல்லாரும் கூத்தடிச்சுக்கிட்டு இருந்தோம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "வெச்சிருப்பேன். ஷூ இருந்தா பாத்துச் சொல்லிடலாம்."

ஷூ இல்லை. ஏதோ ஒரு சாலை ஓரத்தில், ஏதோ ஒரு சாக்கடையில், அந்தக் கேள்விக்கான பதில் ஊறிக் கிடந்தது. அல்லது மக்கிப்போயிருந்தது. சுண்ணாம்பு போய்விட்டார். அன்று மாலை வரை அவர் ஜோக் அடிக்கவில்லை.

நண்டு யோசித்துக்கொண்டே இருந்தாள். வார் தைத்து முடித்து, கூட்டை மாட்டி, ஷூ போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சித்தி, அவன் கேட்டப்ப நீ பொய் சொன்ன."

"ஆமா."

"என்கிட்டயும் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அதான் விடவே மாட்டேங்கறியா?"

டிகிரி ஷூவின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கி முடிந்தாள். ஏழு வயதுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"அப்போ இங்க மாதிரியே பண்ணலாம்," என்றாள் நண்டு. "நான் விடு சொன்னா நீ விடணும். சொல்லாம விட்டா சாகற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன். சொல்லியும் விடலேன்னா அப்பவும் பேச மாட்டேன்."

*

ஐந்து நாள் அவள் சொல்லவில்லை.

ஓடினார்கள். டிகிரி இப்போது ஒரு கையால்தான் பிடித்தாள். வண்டி சாய்ந்தால் நிமிர்த்தவில்லை, நண்டு நிமிர்த்தும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கூட ஓடினாள். இரண்டு முறை சாய்ந்து இரண்டு பேருமே விழுந்தார்கள். டிகிரிக்கு முழங்கை போயிற்று, நண்டுக்கு முட்டி. "கூடு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் இரண்டு பேரும் முதலில் பார்த்தார்கள். நண்டு கவனமாக ஓட்டும்போது நாக்கைத் துருத்திப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொள்வாள். வீட்டில் எழுதும்போதும் அப்படித்தான். நாக்கு வெளியே இருந்தால் அவளிடம் பேச்சு வராது, கேள்விகூட வராது.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நண்டின் அம்மாவும் வேலையிலிருந்து நேராக டிப்போவுக்கு வந்து, வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் பஸ் சீட்டில் உட்கார்ந்தாள். நின்றே பழகியவள், உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மாற்றி மாற்றி வைத்தாள். வெயில் கொட்டகைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தரையில் கொட்டகையின் நிழல் நீளமாகக் கிடந்தது.

முதல் ரவுண்டு. இரண்டாவது ரவுண்டு. "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கேன்."

மூன்றாவது ரவுண்டில் கொட்டகையின் மூலைக்கு முன்னால் நண்டு சொன்னாள்.

"விடு."

டிகிரியின் கை விடவில்லை. மூளை விடச் சொன்னது, கை காதில் வாங்கவில்லை. நண்டின் இடது கை எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் புரிந்தது.

"சித்தி! விடுன்னு சொன்னேன்!"

விரல் விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரல், மோதிர விரல். கடைசியில் கட்டைவிரல்.

சைக்கிள் போயிற்று. ஆடிக்கொண்டு, இடப்பக்கம் சரிந்து, நிமிர்ந்து, மூலையில் திரும்பிக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்தது.

டிகிரி நின்ற இடத்திலேயே நின்றாள். பட்டறையில் எண்ணுவதுபோல எண்ணினாள். ஒன்று. இரண்டு. அக்கா எழுந்து நின்றிருந்தாள். வாட்ச்மேன்கூட எழுந்து நின்றிருந்தார். ஐந்து. டயர் சிமென்டில் உரசும் சத்தம் கேட்டது. ஏழு. அதுவும் நின்றது. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

வரவில்லை.

பன்னிரண்டு. அவளால் ஓட முடியவில்லை. கால் தரையில் சாந்தாக இறுகிப் போயிருந்தது. பின்பக்கத்தில் ஒரு பெரிய லாரி நின்றுகொண்டிருக்கிறது என்றும், டிப்போ மூடின நாளிலிருந்து அது அங்கே இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றியது. அங்கே எந்த லாரியும் இல்லை, தினமும் பார்க்கிற இடம். ஆனாலும் தோன்றியது.

அப்போதுதான் கேட்டது.

டிரிங் டிரிங்.

வாயால் அடிக்கிற பெல். சந்தோஷமாக, அவசரமே இல்லாமல். கொட்டகைக்குப் பின்னாலிருந்து.

அடுத்த நொடி சைக்கிள் மறுமூலையில் வெளியே வந்தது. அங்கே தரை கொஞ்சம் மேடு. அதை மிதித்து ஏறத்தான் நேரமாகியிருக்க வேண்டும். நண்டு முழுக்க வியர்த்திருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொட்டன. நாக்கு பல்லுக்கு நடுவே இறுகக் கடிபட்டு, நுனி வெளியே தெரிந்தது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு யாராலும் எந்தச் சத்தமும் எழுப்ப முடியாது.

டிரிங் டிரிங் என்று இன்னொரு முறை கேட்டது. நண்டின் நாக்கு அசையவில்லை.

நேராக டிகிரியைப் பார்த்து வந்தாள். நான்கடி தூரத்தில்தான் நாக்கை உள்ளே இழுத்துக் கத்தினாள். "பிடி! பிடி! பிரேக் வரல!"

டிகிரி பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்தாள். முன்சக்கரம் அவள் கால் நடுவில் வந்து நின்றது. அக்கா ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்து ஒரு அடி அடித்தாள். அது அவள் கொஞ்சுகிற விதம். "பாத்தியாடீ, எம் பொண்ணு!" என்று யாரைப் பார்த்தோ கத்தினாள். வாட்ச்மேன் துண்டை எடுத்துச் சுற்றினார்.

நண்டு மூச்சு வாங்கினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும்.

"சித்தி, எதுக்குப் பெல் அடிச்ச? நான் பாத்துட்டுத்தானே வரேன். பக்கத்துலேயே வந்து டிரிங் டிரிங்னா பயமா இருக்காதா?"

டிகிரியின் வாய் அவ்வளவு நேரமும் உலர்ந்து ஒட்டிக் கிடந்தது. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. வாட்ச்மேனைப் பார்த்தாள். அவரும் அப்படித்தான்.

"நான் அடிக்கல," என்றாள். இனிமேல் இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்வதில்லை என்று வைத்திருந்தாள்.

நண்டு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி.

"இன்னொரு ரவுண்டு," என்றாள். "இருட்டறதுக்குள்ள. பிடி."

"காலையில ஆபரேஷன், போதும்டீ," என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் இன்னொண்ணு."

டிகிரி சீட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும், பட்டறையில் பிடிக்கிற மாதிரி. ஓடினார்கள். கொட்டகையின் நிழல் இப்போது தரையை முழுக்க எடுத்துக்கொண்டிருந்தது. மூலை நெருங்கியது. இந்த முறை நண்டு கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் யாரோ கேட்க மூச்சை இழுப்பது, மிக அருகில், டிகிரியின் முழங்கை உயரத்தில் கேட்டது.

"பிடிச்சிருக்கேன்டா," என்றாள் டிகிரி, உரக்க. பிடித்திருந்தாள்.

மூலைக்கு ஒரு அடி முன்னால், நாக்கை விடுவித்து, நண்டு சொன்னாள்.

"விடு."